மடிக்கணினியின் கம்பியில்லா அட்டையும் வெப்பத் தணிப்பும்

ஆற்றல் அழிவதில்லை, உருமாறுவதே அதன் இயல்பு. மடிக்கணினியின் கம்பியில்லா இணைப்பு அட்டை கொள்ளும் மின்னாற்றலிற் சிறு கூறே வானலையாய் வெளியேறும். எஞ்சியது வெப்பமாகிக் கணினியின் ஒடுங்கிய உட்புறத்தே தங்கும். இவ்வெப்பத்திற்குக் காரணம் அலைபரப்புதல் மட்டுமன்று. செய்தி வருமோவென அட்டை ஓயாது விழித்திருத்தலுமாம்.

1997இல் வெளிவந்த 802.11 நியமம் இதற்கு வழிவகுத்தது. அணுகுநிலையம் வழக்கமாக 102.4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அறிவிப்பலை விடுக்கும். அட்டை அவ்வேளை விழித்து, தனக்கெனத் தேக்கிவைக்கப்பட்ட செய்தி உண்டெனிற் பெறும்; இன்றேல் மீண்டும் உறங்கும்.

பல விண்டோஸ் கணினிகளின் மின்வலுத் தெரிவுகளில் இதனை நால்வகையாய் அமைக்கலாம்: உச்சச் செயற்றிறன், குறைந்த சேமிப்பு, நடுத்தரச் சேமிப்பு, உச்சச் சேமிப்பு. சேமிப்பு மிக, உறக்கம் மிகும், வெப்பம் தணியும். ஆயின் செய்தியும் சற்றே தாமதிக்கும். எனவே வாசித்தல், எழுதுதல் போன்ற இடைவிட்ட பணிக்கு உச்சச் சேமிப்பும், நேர்முக உரையாடலுக்குக் குறைந்த சேமிப்பும் பொருந்தும்.

பெருங்கோப்புகளை இடையறாது இறக்கும்போது அட்டைக்கு உறங்க நேரமில்லை. அங்கு இவ்வமைப்பாற் பயன் சிறிதே. இணையம் வேண்டாத வேளையில் அட்டையை முற்றாக நிறுத்துதலே தக்கது. ஓய்வறிந்து உழைப்பது பொறிக்கும் நன்றாம்.