பாதாள வழியும் ஒரு கயிறும்

பூமிக்கடியில் இருட்டிலே ஊர்ந்து செல்வதும், அவ்விருட்டினுள் நீர் நிறைந்த பகுதி குறுக்கிட்டால் அதிலும் மூழ்கி அப்பாற் செல்வதும் பித்தர் தொழில் என்று கூறுவோர் பலர். அதில் வெகுமதி இல்லை. கண்டு ஆரவாரிக்கக் கூட்டம் இல்லை. தவறினால் உடல் கிடைப்பதும் அரிது. இவ்வளவும் மெய்யே. ஆயினும் அதை வெறும் பித்தென்று தள்ளிவிட நாம் ஒருப்படவில்லை.

மலைச் சிகரங்களைத் தூரத்தில் நின்றே காணலாம். கடலின் அடியை ஒலியலைகொண்டு அளக்கலாம். சந்திரனின் மறுபுறத்தையும் படம் பிடித்தாயிற்று. நீர் நிறைந்த ஒரு குகையில் அடுத்த வளைவுக்கு அப்பால் இருப்பது யாது என்பதையோ, பெரும்பாலும் ஒரு மனிதன் நேரிற் சென்றாலன்றி அறிதற்கில்லை. அரசாங்கத்தின் பொக்கிஷமும் சைனியமும் துணையின்றி, ஒரு பள்ளி ஆசிரியர், இதுவரை மானிடர் எவரும் காணாத இடத்தை முதன்முதலாகக் காணக்கூடும். 1935-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தின் ஸாமர்ஸெட் பிரதேசத்திலுள்ள வூக்கி ஹோல் குகையில், கனத்த உலோகத் தலைக்கவசம் பூண்டு, குழாய் வழியே காற்று வாங்கிக்கொண்டு நீருக்கடியில் நடந்து சென்றவர்களை இழுத்ததும் இவ்வேட்கையே.

இனி அபாயத்தைப் பார்ப்போம். கடலில் மூழ்குவோனுக்கு ஆபத்து நேர்ந்தால் மேலே ஆகாயம் இருக்கிறது. குகையில் மூழ்குவோனுக்கு மேலே பாறை இருக்கிறது. வந்த வழி முழுவதையும் திரும்பக் கடந்தே அவன் மூச்சு விடவேண்டும். அடியிலோ வண்டல் படிந்து கிடக்கும். கால் ஒருமுறை அலட்சியமாக அசைந்தால் போதும்; பளிங்கு போன்றிருந்த நீர் கலங்கி, கையில் உள்ள விளக்கும் கண்ணுக்குத் தெரியாது. பயந்தவன் அதிகமாக மூச்சு வாங்குவான். வாங்க வாங்கக் காற்று விரைவில் தீரும். ஆழம் மிகுந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனே கள்ளுண்டவனைப்போல் மதி மயங்கச் செய்யும். திறந்த கடலில் பிறருக்குப் பயிற்சியளித்த ஆசிரியர்களும் குகைகளில் மாண்டிருக்கிறார்கள். கடற்பழக்கம் இங்கே உதவாது.

அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்துக் கணித ஆசிரியரான ஷெக் எக்ஸ்லி என்பவர், இவ்வாறு இறந்தவர்களின் வரலாறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எவ்விடத்தில் எது தவறியது என்று ஆராய்ந்து, 1979-ல் ஒரு சிறு நூல் எழுதினார். அவர் கண்ட முடிவுகள் மிக எளியவை. குகை வாயிலிலிருந்து அறுபடாத கயிறு ஒன்று கூடவே செல்லவேண்டும். கொண்டுபோகும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு செல்வதற்கு. இரு பங்கு திரும்புவதற்கும், தோழனுக்கும், எதிர்பாராத ஆபத்துக்கும். அளவு மிஞ்சிய ஆழம் ஆகாது. மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும், எதிரே எத்தகைய அற்புதம் தோன்றினாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியேற வேண்டும். முன்னேறுவது ஒன்றே வீரம் என்று பழகியவர்களுக்கு இது கசக்கும்; எனினும் இக்கலையின் உயிர்நிலை இதுவே. அந்த எக்ஸ்லியும் 1994 ஏப்ரலில் மெக்ஸிகோ தேசத்து ஸகாடோன் என்னும் நீர்ப் பள்ளத்தின் அடியைக் காணச் சென்று, சுமார் 270 மீட்டர் ஆழம் இறங்கி உயிர் துறந்தார். ஆதலால் அவர் வகுத்த விதிகள் பொய் என்பார் வாதம் நமக்கு ஏற்புடையதன்று. ஆழத்தைப் பற்றி அவர் எச்சரித்ததும் அவ்விதிகளிலேதானே?

2018 ஜூன் 23-ஆம் தேதி, தாய்லாந்தின் வடகோடியிலுள்ள தாம் லுவாங் குகைக்குள் கால்பந்தாடும் சிறுவர் பன்னிருவரும் அவர்களுடைய இளம் பயிற்சியாளரும் சென்றனர். மழை பெய்து, திரும்பும் வழியை வெள்ளம் அடைத்துவிட்டது. கடற்படையினர் வந்தனர், நீரை இறைக்கும் யந்திரங்கள் வந்தன. ஆயினும் ஒன்பது நாள் கழித்து, வாயிலிலிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் உள்ளே அவர்களைக் கண்டவர்கள் ஸ்டாண்டன், வோலாந்தன் என்னும் இரு பிரிட்டிஷார். ஒருவர் ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர். மற்றவர் கணினித் தொழில் புரிபவர். குகையில் மூழ்குவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு!

கண்டதினும் கடினம், மீட்பது. மூழ்கிப் பழகாத சிறுவன் நடுவழியில் வெருண்டால் தானும் அழிந்து, கொண்டுவருபவரையும் அழிப்பான். மயக்க மருந்து கொடுத்துக் கொண்டுவரலாமா என்று ஆஸ்திரேலிய வைத்தியர் ரிச்சர்ட் ஹாரிஸைக் கேட்டனர். அவரும் குகையில் மூழ்குபவரே. நடவாத காரியம் என்றார் முதலில். ஆனால் உள்ளே பிராணவாயு 15 சதவீதமாகக் குறைந்திருந்தது, பெருமழை நெருங்கிக்கொண்டிருந்தது, காத்திருப்பதும் மரணமே. முடிவில் அவர் ஒவ்வொரு சிறுவனுக்கும் தம் கையாலேயே மருந்து செலுத்தினார். முகமூடி பொருத்தி, கைகளைப் பின்புறம் கட்டி, உணர்விழந்த பிள்ளையை நீருக்குள் அனுப்பினர். வழியில் மயக்கம் தெளியத் தொடங்கினால், வைத்தியம் கல்லாத மூழ்குவோரே மறுபடி ஊசி போட்டனர். தம் நோயாளி மூச்சு விடுகிறானா என்று பார்க்கவும் வழியின்றி, அடுத்தவனை ஆயத்தம் செய்த அவ்வைத்தியரின் உள்ளம் எப்பாடு பட்டிருக்கும்! ஜூலை 8, 9, 10 தேதிகளில் பதின்மூவரும் உயிருடன் வெளிவந்தனர்.

இத்தகைய விளையாட்டைச் சட்டமிட்டுத் தடுக்கவேண்டும் என்போர் இதைச் சிறிது எண்ணுவாராக. பலகாலம் பிறர் வீணென்று நினைத்த பழக்கமன்றோ அன்று துணை நின்றது? பயிற்சியற்றவனை வாயிலிலேயே தடுத்து நிறுத்துக. கற்றவனைத் தடுப்பதில் பயனில்லை.

அவ்வெற்றிக்கு விலையும் கொடுக்கப்பட்டது. கடற்படையிலிருந்து முன்னமே விலகி, தாமாக முன்வந்த ஸமான் குனான், வழியில் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்புகையில் நீருக்கடியில் நினைவிழந்து ஜூலை 6-ஆம் தேதி மாண்டார். அப்பணியில் இரத்தத்தில் நோய் பற்றிய மற்றொரு கடற்படை வீரர் 2019 டிசம்பரில் இறந்தார்.