உங்களுக்குத் தெரியுமா? தியானத்துக்கு வழி நாற்பது

குமரி மாவட்டத்தின் சிதறால் மலையேறும் பலர், பாறையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் சிற்பங்களைக் கண்டதும் "புத்தர்!" என்று கும்பிடுகிறார்கள். அவர்கள் சமணத் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேலே முக்குடை இருக்கும், பாருங்கள். பாம்புப் படத்தின் கீழ் நிற்பவர் பார்சுவநாதர். கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்பதும் தியானம்தான்; அதற்குக் காயோற்சர்க்கம் என்று பெயர்.

பௌத்தமும் நமக்கு அந்நியமில்லை. சிதறால் கல்வெட்டில் இடம்பெறும் அதே ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன், ஸ்ரீமூலவாசம் என்ற புத்தப் பள்ளிக்கு நிலம் வழங்கியதைப் பாலியம் செப்பேடு சொல்கிறது.

மலய மலைப் பக்கம் பொதலகம் என்றொரு மலை, போதிசத்துவர் அவலோகிதேசுவரர் உறைவது அங்கேதான் என்று 7ஆம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதினார். அது நம் பொதிகையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அவலோகிதரிடம்தான் அகத்தியர் தமிழ் கற்றார் என்கிறது புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம். லாசாவில் இருக்கும் பொதலா அரண்மனைக்கும் அந்த மலையின் பெயர்தான். திபெத்தியர் அவலோகிதேசுவரரை வெண்ணிற மேனியும் நான்கு கைகளுமாக மனக்கண்ணில் அங்கம் அங்கமாக வரைந்து, ஆறெழுத்து மந்திரம் சொல்லி, முடிவில் அந்த உருவத்தையே வெறுமையில் கரைத்துவிடுவார்கள். அப்படிக் கரைப்பதும் தியானத்தின் ஒரு பகுதி.

தேரவாத பௌத்தத்தின் தியான வழிகளை எல்லாம் ஒரே நூலில் தொகுத்தவர் புத்தகோசர். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்தவர், 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் விசுத்திமக்கத்தை எழுதினார். அதில் நாற்பது தியானப் பொருள்கள் வருகின்றன. மூச்சு அவற்றில் ஒன்றே ஒன்று! மண் தியானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடியல் நிறக் களிமண்ணை ஒரு சாண் நாலு விரல் அகலத்தில் வட்டமாக மெழுக வேண்டும். இரண்டரை முழம் தள்ளி, ஒரு சாண் நாலு விரல் உயரப் பலகையில் உட்கார வேண்டும். கண்ணை அகல விழிக்காமல், இடுக்கவும் செய்யாமல், "மண், மண்" என்று பார்க்க வேண்டும். கண்ணை மூடினாலும் அந்த வட்டம் அப்படியே தெரிகிறவரை பார்க்க வேண்டும்.

யாருக்கு எது என்பதையும் அவர் விடவில்லை. ஆசை மிகுந்தவருக்குப் பிணத்தின் நிலைகளும் உடலின் முப்பத்திரண்டு கூறுகளும். கோபக்காரருக்கு மைத்திரி என்ற அன்புத் தியானமும் நிற வட்டங்களும். மனம் அலைபாய்கிறவருக்கு மூச்சு. தங்கும் இடம்கூட ஆளைப் பொறுத்தது: ஆசைக்காரருக்கு வசதியற்ற குடில், கோபக்காரருக்கு மனதுக்கு இதமான அறை! இன்று எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து ஒரே பயிற்சி கொடுக்கிறவர்கள் இந்தப் பக்கங்களை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

மைத்திரி தியானத்தை யாரிடமிருந்து தொடங்குவது? தன்னிடமிருந்துதான். பிறகு மதிப்புக்குரியவர், அன்புக்குரியவர், வேண்டியவரும் வேண்டாதவருமாக இல்லாதவர், கடைசியில் பகைவர். இறந்தவரை நினைத்து மட்டும் செய்யக்கூடாது. ஓர் இளம் பிக்கு தம் ஆசிரியரை நினைத்து எவ்வளவு முயன்றும் மனம் கூடவில்லை. விசாரித்துப் பார்த்தால் ஆசிரியர் ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தார். வேறொருவரை நினைத்ததும் தியானம் கூடிவந்தது என்கிறது அதே நூல்.

புத்தர் அமர்ந்த இடத்தையே தேடிப் போய்த் தியானம் செய்தவர்களும் உண்டு. குமரிமுனைப் பாறையில் 1892 டிசம்பரில் அமர்ந்த விவேகானந்தர், அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1886இல், புத்தகயா போதி மரத்தடியில் தியானம் செய்திருக்கிறார்.

ஜென் என்ற பௌத்த தியான முறையைப் பழக இப்போது ஜப்பானுக்குப் போக வேண்டியதில்லை. கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் போதி ஜென்டோ இருக்கிறது. 1996இல் அதை அமைத்தவர் ஆமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார். யமாதா கோவுன் என்ற ஜப்பானிய ஆசானிடம் பயின்றவர். அங்கே சும்மா அமர்தலும் உண்டு, அறிவால் அவிழ்க்க முடியாத கோவான் புதிரைச் சுமந்து அமர்தலும் உண்டு.

மண்டலேயில் பிறந்த கோயங்கா 1969இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த பத்து நாள் விபாசனா முகாமில் முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். உடலெங்கும் எழும் உணர்ச்சிகளைப் பார்ப்பது நான்காம் நாளில்தான் தொடங்கும். பத்தாம் நாள் மைத்திரி. அன்றுதான் மௌனமும் கலையும். காலை நாலு மணிக்கு எழுப்புவார்கள். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது. முகாமை முடித்தவர் விரும்பினால் நன்கொடை தரலாம். முடிக்காதவர் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.