வறட்சியை ஏக்கரில் அளந்தால் பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நம் மாவட்டத்துச் சாலைகளில் தள்ளுவண்டிகள் பெருகிவிடும். இரும்புக் கம்பியை வளையம் வளையமாகப் பற்றவைத்து, ஒவ்வொரு வளையத்திலும் ஒரு பிளாஸ்டிக் குடம் உட்காரும்படி செய்த வண்டி. கடலாடி, சாயல்குடி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் இந்த வண்டி பலருக்கும் வீட்டுச் சாமான்களில் ஒன்று. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். வண்டியைத் தள்ளுகிற பெண் படத்தில் இருப்பார். அவர் வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தை படத்தில் இருக்காது. இந்த வாரம் அந்தக் குழந்தையைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

'தண்ணியில்லாக் காடு' என்று நம் மாவட்டத்துக்குப் பேர். அரசு ஊழியரை மிரட்டுவதற்கு சினிமாக்காரர்கள்கூட இந்தப் பெயரைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் மழையே காணாத சீமையல்ல இது. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். அந்த இரண்டு மூன்று மாத மழையை ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ளத்தான் கண்மாயும் ஊருணியும் வெட்டினார்கள். வெட்டிய கைகளில் நம் பாட்டன், பாட்டிமார் கைகளும் உண்டு. வெட்டிய ஊருணியில் இறங்கிக் குடம் முக்க மட்டும் நெடுங்காலம் அவர்களுக்கு வழி விடவில்லை. 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம் எல்லாருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று மகாத் குளத்தில் இறங்கி அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவிலும் கிணறு, குளம் என்ற சொற்கள் பேர் சொல்லியே எழுதப்பட்டிருக்கின்றன.

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதும் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. ஊருணிகள் பொங்கலுக்கு முன்பே சேறாகிவிட்டன. 2017 ஜனவரி 10 அன்று, நம் மாவட்டம் உள்ளிட்ட மாவட்டங்களை வறட்சி பாதித்தவை என்று அன்றைய முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் அறிவித்தார். நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம், நிலவரி தள்ளுபடி, பயிர்க்கடன் சலுகை என்று அறிவிப்பு நீண்டது. விவசாயிக்கு அது வேண்டும், அதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பட்டா இல்லாத வீட்டுக்கு ஏக்கர் கணக்கில் என்ன வரும்? முண்டு மிளகாய் காய்த்தால் பழம் பறிக்கக் கூலிக்குப் போகும் வீடு நம்முடையது. செடி கருகினால் நிலக்காரருக்கு நிவாரணம் கிடைக்கும், பறிக்கப் போகிறவருக்கு நாள்கூலி மட்டும் போகும். அந்த அறிவிப்பில் நமக்கென்று இருந்தது, நூறு நாள் வேலையை 150 நாளாக்குவோம் என்ற ஒரு வரிதான்.

சரி, அப்படியொரு கோடையில் நம் வீட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம்.

குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் ஊருக்கு வந்தாலும், காலனி அந்தக் குழாயின் கடைசியில் இருக்கும். முன்னால் இருக்கிற தெருக்கள் பிடித்து முடித்து, வேகம் குறைந்து, நூல் மாதிரி வரும்போது நம் முறை வரும். அது இரவு இரண்டு மணியாகவும் இருக்கும். பால்குடிக்கும் பிள்ளையை மாமியாரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ போட்டுவிட்டு அம்மா குடத்தோடு உட்கார்ந்திருப்பார். குழாயில் வராத நாளில் லாரித் தண்ணீர்தான். குடம் 10 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் 4 குடம் வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு 40 ரூபாய். 2017-இல் நூறு நாள் வேலையின் கூலி 205 ரூபாய். வேலை கிடைத்த நாளிலேயே கூலியில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போயிற்று.

ரேஷன் அரிசி 2011-லிருந்து இலவசம். ஆனால் அதைச் சோறாக்கத் தண்ணீர் வேண்டும் என்பதை வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்தான் அறிவார். மூன்று முறை கழுவுகிற அரிசி ஒரு முறையோடு உலைக்குப் போகும். வடிப்பதை விட்டுவிட்டுக் கஞ்சியாகவே இறக்குவார்கள். கழுவிய தண்ணீர் ஆட்டுக்குப் போகும், பாத்திரம் கழுவியது முருங்கைக்குப் போகும். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதுதான் முதலில் நிற்கும். பெரியவனுக்கு வாரத்தில் ஒரு நாள், சின்னவளுக்கு ஈரத்துணியால் துடைப்பு. வேர்க்குருவும் சிரங்கும் வருவது இப்படித்தான். அதே பிள்ளை பள்ளிக்கோ கடைக்கோ போகும்போது 'காலனிப் பிள்ளை, சுத்தமே இல்லை' என்று ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சைப் பேசுகிறவர் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

கடலோரத்தில் கதை கொஞ்சம் வேறு. பாம்பன், தங்கச்சிமடம் முதல் சாயல்குடிக் கரை வரை மணலைத் தோண்டினால் சில அடியிலேயே நல்ல தண்ணீர் ஊறும். மணலில் இறங்கிய மழைநீர், கடல்நீரைவிடக் கனம் குறைவானதால் அதன்மேல் ஒரு படலமாக மிதக்கிறது. ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மெல்ல அள்ளினால் அது நிலைக்கும். மோட்டார் போட்டு இழுத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். நம் பெண்கள் சிரட்டை சிரட்டையாக ஒரு குடத்தை நிறைக்க அரைமணி, ஒரு மணி உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். பக்கத்தில் மணலில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நிழல் என்று இருப்பது ஒற்றைப் பனையின் நிழல்தான். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கோ கோடைதான் பருவமே. வெயில் ஏற ஏற உப்பு விளையும், வேலையும் இருக்கும். பாத்தி ஓரத்தில் சேலைத் தொட்டில் கட்டக்கூட அங்கே மரம் கிடையாது.

நம் வீடுகளில் நடக்கிற ஒன்றிரண்டு பழக்கங்களையும் இங்கே சொல்லிவிடுவோம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு 'நாக்கு வறளுதே' என்று தண்ணீர் புகட்டுகிறோம். அது வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான், கோடையிலும் அதுவே போதும். தண்ணீர் வேண்டியது தாய்க்கு. வீட்டில் கடைசியாகக் குடிப்பவர் அவர்தான். மறைவிடம் இல்லாததால் பகலில் குடிக்காமலே இருந்துவிடும் பெண்களும் உண்டு. அடுத்தது, உவர் தண்ணீரைக் காய்ச்சினால் நல்ல தண்ணீராகிவிடும் என்ற எண்ணம். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. பிள்ளைக்கு வயிற்றாலே போனால் துணை சுகாதார நிலையத்தில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இலவசமாகக் கொடுப்பார்கள். அது கைக்கு வரும்வரை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உவர் தண்ணீரில் இதைக் கரைத்தால் உப்பு மிஞ்சிவிடும். அதனால் இதற்கென்று ஒரு செம்பு நல்ல தண்ணீரைத் தனியே மூடி வைப்பது நல்லது. மூடி வைப்பதில் அலட்சியம் கூடாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்தது எப்படித் தெரியவந்தது? பிள்ளைகள் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான். தண்ணீரில் நடக்கிற அநியாயம் முதலில் சின்னப் பிள்ளையின் வயிற்றில்தான் தெரியும்.

இனி சோற்றுக்கு வருவோம். ஏப்ரல் கடைசியில் பள்ளி பூட்டப்படுகிறது, ஜூனில் திறக்கிறது. ஏறத்தாழ 40 நாள் சத்துணவு இல்லை, முட்டை இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளும் மூடுவதால் விடுதியில் படிக்கும் அண்ணன், அக்காவும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கூலி இல்லாத, தண்ணீருக்குக் காசு போகிற அதே மாதங்களில் வீட்டில் சாப்பிடும் வாய்கள் கூடுகின்றன. நுங்கும் பதநீரும் பனங்காடு தரும் வரைக்கும் பிள்ளைகளுக்குப் பொழுது போகும். அது ஒரு வேளைச் சோறு ஆகாது.

இதற்கு ஒரு வழி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது. 2001-இல், ஒரு பக்கம் வறட்சியும் இன்னொரு பக்கம் நிறைந்த தானியக் கிடங்குகளுமாக நாடு இருந்தபோது, மக்கள் சிவில் உரிமைக் கழகம் ராஜஸ்தானிலிருந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று வந்த உத்தரவு, வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரவேண்டும் என்கிறது. சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் முன்னுரிமை வேண்டும் என்று சொன்னதும் அதே உத்தரவுதான். நம்மவர் சமைத்தால் சாப்பிடமாட்டோம் என்று பிள்ளையை நிறுத்திக்கொள்ளும் ஊர்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த முன்னுரிமை பற்றி அவ்வப்போது பேச்சு எழுகிறது. விடுமுறைச் சோறு பற்றி யாரும் பேசுவதில்லை.

அதிகாரிகளிடம் போனால் ஒரு பதில் தயாராக இருக்கும். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு 'பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக' என்றுதானே சொல்கிறது என்பார்கள். உண்மைதான், அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 மே 13 அன்று, சுவராஜ் அபியான் தொடுத்த வறட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே கருத்தை மறுபடியும் சொன்னது. வறட்சி பாதித்த மாநிலங்களில் கோடை விடுமுறையிலும் உணவு தரவேண்டும், முட்டையோ பாலோ அதுபோன்ற சத்தான வேறொன்றோ சேர்க்கவேண்டும் என்றது. அந்த வழக்கில் இருந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. அதனால் நாம் முதலில் கையில் எடுக்கவேண்டியது 2004 உத்தரவு. 2016 தீர்ப்பு அதற்குத் துணை. சத்துணவில் நாட்டுக்கே முன்னோடி என்று 1982-ஐச் சொல்லிப் பெருமைப்படும் மாநிலத்தில் இது பெரிய கோரிக்கையல்ல. அடுப்பும் இருக்கிறது, பாத்திரமும் இருக்கிறது, பிள்ளைகளும் அந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். பூட்டைத் திறந்தால் போதும்.

வேலைத்தளத்திலும் இப்படிப் பேசப்படாத ஒன்று உண்டு. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலைக்கு வரும் பெண்களோடு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால், அந்தப் பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அமர்த்தவேண்டும், அவருக்கும் அதே கூலி தரவேண்டும் என்றது. குடிதண்ணீர், பிள்ளைகளுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி என்பவையும் அதில் இருந்தன. காய்ந்த கண்மாயில் மண் வெட்டும் நம் பெண்கள் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கிறது என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். கரையோரம் முள்மரத்துச் சேலைத் தொட்டிலும், அதை ஆட்டிக்கொண்டு நிற்கும் எட்டு வயது அக்காவும்தான் நாம் கண்டது.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள் அன்று நம் ஊராட்சிகளில் கிராமசபை கூடுகிறது. பள்ளி பூட்டுவதற்கு ஒரு மாதம் முன்பாக. மே 1 கிராமசபை வரை காத்திருந்தால் விடுமுறை தொடங்கிவிடும். அந்த ஆண்டு மழை பொய்த்திருந்தால், மார்ச் கூட்டத்திலேயே மூன்று வரி எழுதிக்கொடுக்கலாம்: நம் பகுதியை வறட்சி பாதித்த பகுதியாக அறிவிக்கப் பரிந்துரைக்கவேண்டும், அறிவித்தால் உச்ச நீதிமன்றத்தின் 2004 ஏப்ரல் 20 உத்தரவுப்படி விடுமுறையிலும் சத்துணவு மையம் இயங்கவேண்டும், காலனித் தெருவுக்குத் தண்ணீர் விடும் நாளும் நேரமும் ஊராட்சிப் பலகையில் எழுதப்படவேண்டும். கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் இதை எழுதலாம். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று அன்றே பார்த்து, நகல் கேட்டு வாங்கி, ஒரு படியை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் இன்னொன்றை திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியருக்கும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள், ஏப்ரலில் மறுபடியும் போகவேண்டியிருக்கும்.