காயில் போய்விட்டதா? மல்டிமீட்டரைக் கேட்போம்

கைக்கடிகாரம் நின்றுவிடுகிறது. புதிய பட்டன் செல் போட்டும் ஓடவில்லை. கடைக்காரர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு ஒரு நிமிடம் பார்க்கிறார். "காயில் போயிடுச்சு" என்கிறார். மொபெட்டை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்து, ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனால் அங்கேயும் பல நேரம் அதே தீர்ப்புத்தான். காயில் என்பது வேறொன்றுமில்லை, கம்பிச்சுருள். அது உண்மையிலேயே போய்விட்டதா என்பதை ஒரு சாதாரண மல்டிமீட்டரைக் கொண்டு நாமே சோதித்துப் பார்க்கலாம். ஆனால் மீட்டர் காட்டும் எண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இரண்டு சுருள்களும் ஒரே ஊரில் சந்திக்கின்றன. கர்நாடக எல்லையில், ஜுஜுவாடியைத் தாண்டியதும் வரும் ஓசூர்தான் அது. டி.வி.எஸ். 50 மொபெட் 1980இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாக 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலையும் இங்கேதான் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் எச்.எம்.டி. அதற்கு முன்பே சாவி கொடுக்கும் கடிகாரங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. டைட்டன் குவார்ட்ஸ் கடிகாரங்களைத் தன் வழியாகத் தேர்ந்துகொண்டது. நம் கதைக்குத் தேவையான முதல் சுருள் அந்தக் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள்தான் இருக்கிறது.

குவார்ட்ஸ் கடிகாரத்தில் சுருள்வில் இல்லை. ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணை 15 முறை பாதியாக்கிப் பாருங்கள்; மிச்சம் சரியாக 1 வரும். கடிகாரத்தின் மின்சுற்று செய்வதும் அதுதான். நொடிக்கு ஒரு தடவை, மிகக் குறுகிய நேரத்துக்கு, அது ஒரு கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்துகிறது. சுருள் காந்தமாகி, பக்கத்திலுள்ள சிறு காந்த உருளையை அரைச் சுற்றுத் திருப்புகிறது. நொடிமுள் ஓர் அடி நகர்கிறது. அடுத்த நொடி மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்கிறது. உருளை இன்னோர் அரைச் சுற்றுத் திரும்புகிறது. இத்தகைய மோட்டாரை பிரெஞ்சுப் பொறியாளர் மாரியஸ் லாவே 1936இலேயே வடிவமைத்துவிட்டார். குவார்ட்ஸ் கைக்கடிகாரம் கடைக்கு வந்ததோ 1969 டிசம்பரில், ஜப்பானில்.

பட்டன் செல்லின் மின்னழுத்தம் 1.55 வோல்ட். அந்தச் சிறு செல் இரண்டு ஆண்டாவது உழைக்க வேண்டும். ஆகவே சுருள் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுக்க வேண்டும். அதே சமயம் போதுமான காந்தப்புலத்தையும் தர வேண்டும். வழி ஒன்றுதான்: மெல்லிய கம்பி, ஏராளமான சுற்றுகள். சுருளின் மின்தடை பொதுவாக 1,000 ஓம் முதல் 3,000 ஓம் வரை இருக்கும். 2,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓம் விதிப்படி மின்னோட்டம் 1.55-ஐ 2,000 ஆல் வகுக்கக் கிடைப்பது. அதாவது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு. அதுவும் நொடியில் சில மில்லி நொடிகள் மட்டுமே.

இந்த 2,000 ஓமில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. சுருளின் கம்பி 0.02 மி.மீ. விட்டமுள்ள செப்புக்கம்பி என்று கொள்வோம். அது தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு. அதன் குறுக்குவெட்டுப் பரப்பைக் கண்டு, செம்பின் மின்தடை எண்ணைப் பயன்படுத்தினால், மீட்டருக்கு 54 ஓம் என்று வருகிறது. அப்படியானால் 2,000 ஓமுக்கு எத்தனை மீட்டர்? சுமார் 37 மீட்டர்! மூன்று பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளமுள்ள கம்பி, ஒரு சென்டிமீட்டர் அளவேயுள்ள சுருளுக்குள் அடங்கிக் கிடக்கிறது. கடிகாரத்தைப் பிரிக்காமல், கம்பியை அவிழ்க்காமல், மின்தடையை மட்டும் கொண்டு இதைச் சொல்லிவிட முடிகிறது. எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த கணக்குகளில் இதுவும் ஒன்று.

இனி மீட்டருக்கு வருவோம். மின்னோட்டத்துக்கு ஒரு கருவி, மின்னழுத்தத்துக்கு ஒரு கருவி, மின்தடைக்கு ஒரு கருவி என்று சுமந்து திரிய வேண்டியிருந்த காலத்தில், பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளரான டொனால்ட் மெக்கேடி மூன்றையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தார். 'அவோமீட்டர்' என்ற பெயரில் அது 1923இல் வெளிவந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகியவற்றின் முதல் எழுத்துகள் சேர்ந்ததே 'அவோ'.

மின்தடையை அளக்கும்போது மீட்டர் என்ன செய்கிறது? தன்னுள் இருக்கும் பேட்டரியிலிருந்து ஒரு சிறு மின்னோட்டத்தை நீங்கள் கொடுத்த பொருளின் வழியாக அனுப்புகிறது. முனைகளுக்கிடையே எவ்வளவு மின்னழுத்தம் எழுகிறது என்று பார்த்து, அதை ஓமாகக் காட்டுகிறது. ஆக, மீட்டர் காட்டுவது தான் அனுப்பிய மின்னோட்டத்துக்குக் கிடைத்த விடை. அந்த மின்னோட்டத்தின் பாதையில் வேறு எது குறுக்கிட்டாலும் விடை மாறிவிடும். இதனால்தான் ஓம் அளவைக்கு முன்னால் கடிகாரத்தின் செல்லைக் கழற்ற வேண்டும், வண்டியின் காயிலிலிருந்து ஒயர்களைப் பிடுங்க வேண்டும் என்கிறோம். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் எதையும் பிளக்கைப் பிடுங்காமல் தொடவே கூடாது.

கடிகாரச் சுருளை அளக்கும்போது முனைகளைச் சுருளின்மேல் வைக்காதீர்கள். அந்தக் கம்பி ஒரு கீறலுக்கே அறுந்துவிடும். சுருளின் இரு ஓரங்களிலும் உள்ள சிறு செப்புத் திட்டுகளில் மெதுவாக வையுங்கள். மீட்டர் 2,000-ஐ ஒட்டிக் காட்டினால் கம்பி அறுபடவில்லை. திரையின் இடக்கோடியில் வெறும் 1 அல்லது ஓ.எல். என்று வந்தால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. கடைக்காரர் சொன்னது சரி. இரண்டு முனைகளையும் விரல்களால் அழுத்திப் பிடித்திருந்தால் உங்கள் உடலும் சுருளுக்கு இணையாகச் சேர்ந்துகொள்ளும். உடலின் மின்தடை 1,00,000 ஓம் என்றால் 2,000 ஓம் 1,960 ஆகிவிடும். வியர்த்த கையென்றால் இன்னும் குறையும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் திரையில் தெரியும் இலக்கங்கள் அத்தனையையும் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். "1,987 ஓம், சார்." அந்தக் கடைசி 7-க்கு என்ன மதிப்பு? செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 0.39 சதவீதம் கூடுகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் குளிர்ச்சியாக இருக்கும் ஊர். சுமார் 50 கிலோமீட்டர் இறங்கிப் போனால் கிருஷ்ணகிரி. கோடையில் மண்டை காயும். 20 டிகிரியில் 2,000 ஓம் உள்ள சுருளை ஓசூரின் 15 டிகிரி மார்கழிக் காலையில் அளந்தால் சுமார் 1,960 ஓம் வரும். அதையே கிருஷ்ணகிரியின் 38 டிகிரி சித்திரை மதியத்தில் அளந்தால் 2,140 ஓம் வரும். சுருளும் அதுதான், மீட்டரும் அதுதான். வெப்பநிலையைக் குறிக்காமல் மின்தடையை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாகும்.

எல்லாக் கம்பிகளும் செம்பைப் போன்றவை அல்ல. சளி பிடித்தால் ஆவி பிடிக்கிறோமே, அந்த வேப்பரைசரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சூடாகும் சுருள் இருந்தால் அது பெரும்பாலும் நிக்ரோம் கம்பி. நிக்ரோமின் மின்தடை சூட்டில் அதிகம் மாறுவதில்லை. 230 வோல்ட், 400 வாட் என்று பொறித்திருந்தால், 230-இன் வர்க்கத்தை 400 ஆல் வகுத்து வரும் 132 ஓமை ஒட்டியே, ஆறியிருக்கும்போதும் மீட்டர் காட்டும். மாறாக 60 வாட் குண்டு பல்புக்கு இதே கணக்கைப் போட்டால் 880 ஓம் வரும். மீட்டரோ அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது, ஏனெனில் டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கிறது. இன்னொன்று: மலிவான வேப்பரைசர்கள் சிலவற்றில் சுருளே கிடையாது. தண்ணீரில் நிற்கும் இரண்டு உலோகத் தகடுகள்தான். மின்சாரம் தண்ணீர் வழியாகவே பாய்ந்து அதைச் சூடாக்குகிறது. காலியாக இருக்கும்போது அளந்துவிட்டு "காயில் போயிடுச்சு" என்றால் அது வீண்பழி.

இரண்டாவது சுருள் பெட்ரோல் வண்டியின் இக்னிஷன் காயில். உண்மையில் இது இரட்டைச் சுருள். தடித்த கம்பியில் சில நூறு சுற்றுகள் கொண்ட முதன்மைச் சுருள். மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்றுகள் கொண்ட துணைச் சுருள். ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கத் தேவையான ஆயிரக்கணக்கான வோல்ட்டை இரண்டாவது சுருள் தருகிறது. அதன் மின்தடை ஆயிரக்கணக்கான ஓம். கடிகாரச் சுருளைப் போலவே அளந்துவிடலாம். தொல்லை கொடுப்பது முதன்மைச் சுருள்தான். வண்டிக்கு வண்டி மாறினாலும் அதன் மின்தடை சில ஓம்களுக்கு மேல் இராது. பல வண்டிகளில் ஓர் ஓமுக்கும் குறைவு.

முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிடுங்கள். சுழியம் வருகிறதா? பெரும்பாலும் 0.2 அல்லது 0.3 என்று வரும். அது மீட்டரின் ஒயர்களுக்கும் தொடுமிடங்களுக்கும் உரிய மின்தடை. கடிகாரச் சுருளின் 2,000 ஓமில் இந்த 0.3 ஒரு பொருட்டே அல்ல. ஆனால் முதன்மைச் சுருளுக்கு மீட்டர் 0.8 காட்டினால் சுருளின் பங்கு 0.5 மட்டுமே. கழித்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் திரையின் கடைசி இலக்கமே 0.1 ஓம், அது ஒன்றிரண்டு தள்ளாடுவதும் இயல்பு. துருப்பிடித்த முனையென்றால் கேட்கவே வேண்டாம். ஆகவே இந்த 0.5-ஐ நம்பி ஒரு காயிலை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல முடியாது.

இதற்கு ஓர் அழகான வழி உண்டு. 1.5 வோல்ட் டார்ச் செல், அரை வாட் தாங்கும் 10 ஓம் மின்தடை, முதன்மைச் சுருள் மூன்றையும் தொடராக இணையுங்கள். மீட்டரை வோல்ட் அளவைக்கு மாற்றி, 10 ஓம் மின்தடைக்குக் குறுக்கே அளவிடுங்கள். 1.4 வோல்ட் இருந்தால் மின்னோட்டம் 0.14 ஆம்பியர். பிறகு 200 மில்லி வோல்ட் அளவைக்கு மாற்றி, சுருளின் முனையங்களையே நேரடியாகத் தொட்டு அளவிடுங்கள். 70 மில்லி வோல்ட் வந்தால் 70-ஐ 0.14 ஆல் வகுக்க, 500 மில்லி ஓம், அதாவது 0.5 ஓம். இந்த 70-இல் ஒன்றிரண்டு தள்ளாடினாலும் விடை பெரிதாக மாறாது. மீட்டர் ஒயர்களின் 0.3 ஓம் எங்கே போயிற்று? வோல்ட் அளவையில் மீட்டரின் உள்தடை பத்து லட்சம் ஓமாவது இருக்கும். ஆதலால் அந்த ஒயர்களில் மின்னோட்டம் ஏறக்குறைய பாய்வதே இல்லை. பாயாத இடத்தில் மின்னழுத்த இழப்பும் இல்லை. மின்னோட்டத்துக்கு இரண்டு ஒயர், மின்னழுத்தத்துக்குத் தனியாக இரண்டு ஒயர். கெல்வின் பிரபுவின் பெயரால் வழங்கும் நான்கு முனை முறை இதுதான். செல்லைக் கழற்றும்போது துணைச் சுருளின் தடித்த ஒயரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். மின்னோட்டம் திடீரென நிற்கும்போதுதான் அங்கே உயர் மின்னழுத்தம் எழுகிறது. காயிலின் வேலையே அதுதானே! நெடுநேரம் இணைத்தே வைத்திருக்கவும் வேண்டாம், செல் இறங்கிவிடும்.

எல்லா அளவும் சரியாக வந்தும் வண்டி கிளம்பாமல் இருக்கலாம். துணைச் சுருளில் 10,000 சுற்றுகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் பத்துச் சுற்றுகளின் எனாமல் பூச்சு கருகி, கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. மின்தடை எவ்வளவு குறையும்? ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு அதைப்போல் பல மடங்கு மாற்றத்தைத் தந்துவிடுகிறது. ஆகவே மீட்டர் இந்தக் குறையைப் பார்க்கவே பார்க்காது. ஆனால் பொறிக்கோ அந்தப் பத்துச் சுற்றும் பகை. மூடிய வளையமாகிவிட்ட அச்சுற்றுகளில் தூண்டு மின்னோட்டம் பாய்ந்து ஆற்றலைத் தின்றுவிடும். இன்னும் சில காயில்களில் கருகல்கூட இருக்காது. மீட்டரின் ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு ஒழுங்காக இருக்கும் பூச்சு, ஆயிரக்கணக்கான வோல்ட் வரும்போது மட்டும் விட்டுக்கொடுத்துவிடும். இதனால்தான் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் மீட்டர் 'நன்று' என்று சொன்ன பிறகும், ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு வண்டியின் காயிலைக் கழற்றி மாட்டி, ஒரு உதை உதைத்துப் பார்க்கிறார்கள்.