முகப்பு யாருக்கு?

"ஆகா, என்ன அழகு!" என்கிறார்கள். "கண்ணைப் பறிக்கிறதே!" என்கிறார்கள். வலைத்தளத்துக்கு முகப்பு வரைகிறவர்கள், வணிகப் பொருளுக்குச் சின்னம் தீட்டுகிறவர்கள், கைப்பேசியின் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று திட்டமிடுகிறவர்கள் என ஒரு புதிய தொழிலாளர் கூட்டம் நாட்டில் வளர்ந்திருக்கிறது. வடிவமைப்பு என்று அந்தத் தொழிலுக்குப் பெயர். நல்ல தொழில்தான். அறிவும் உழைப்பும் கேட்கிற தொழில்தான். அதைப் பழிக்க வரவில்லை. அவர்கள் முன் ஒரே ஒரு கேள்வியை வைக்கவே வந்தோம்.

அழகு சரி, யார் கண்ணுக்கு?

திருத்தணிக்கு அப்பால் இருக்கிறது ஆர்.கே.பேட்டை. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற நீண்ட பெயரை மக்கள் தாமாகவே சுருக்கிக்கொண்ட ஊர். சின்னம் தீட்டும் வல்லுநர் எவரும் வந்து சொல்லித் தரவில்லை. பேருந்துப் பலகைக்கு அடங்கும்படி, நாவுக்கு எளிதாகும்படி, மக்களே வடிவமைத்த பெயர்! விசைத்தறியின் சத்தம் கேட்கும் வட்டாரம். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் உறவாடும் வட்டாரம். எல்லைப் போராட்டத்தின் விளைவாக, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது திருத்தணிப் பகுதி. எந்த அலுவலகத்தின் வாசலில் எந்த எழுத்து என்பது, இந்த எல்லைப்புற மக்களுக்கு அலங்காரப் பிரச்சினையாக இருந்ததில்லை. அன்றாட வாழ்வுப் பிரச்சினையாகவே இருந்தது.

அப்படிப்பட்ட ஊரில் நாளெல்லாம் தறியோட்டிய ஒரு பாட்டாளி இன்று கைப்பேசியைத் திறக்கிறான். வங்கி அதிலே. காப்பீடு அதிலே. அரசாங்கச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அதிலே. முன்பு அலுவலக வாசலில் காவலாளி நின்றான். கெஞ்சியாவது, வாதாடியாவது உள்ளே போகலாம். இன்று வாசலில் நிற்பது ஒரு திரை. அதனிடம் கெஞ்ச முடியாது, வாதாட முடியாது. புரிந்தால் உள்ளே, புரியாவிட்டால் வெளியே! ஆகவேதான், முகப்பு யாருக்காக என்ற கேள்வி இன்று உரிமைக் கேள்வி ஆகிறது.

எழுத்தறியாதாருக்கும் ஏற்றமிகு வடிவம்

இந்த நாடு கண்ட மிகச் சிறந்த வடிவமைப்பு எது? மேல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தேட வேண்டாம். வாக்குச் சாவடியில் தேடுங்கள்.

1951-52-ல் முதல் பொதுத் தேர்தல். வாக்காளர் ஏறத்தாழ 17 கோடி. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவே. "படிக்காதவனுக்கு ஓட்டா?" என்று சீமான்கள் சிரித்தனர். தேர்தல் ஆணையம் என்ன செய்தது? வாக்காளனைப் பார்த்து, "போய்ப் படித்துவிட்டு வா" என்று சொல்லவில்லை. வாக்குச்சீட்டு முறையை அவன் பக்கம் திருப்பியது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டியின்மேல் ஒரு படம். பெயரைப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. படத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டால் போதும். 1957-லும் அதே பெட்டி முறைதான். பின்னர்தான் எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில் அச்சாகி, முத்திரை குத்தும் வழக்கம் நாடெங்கும் பரவியது.

அந்தச் சின்னங்களில் பெரும்பாலானவற்றைப் பென்சிலால் வரைந்தவர் எம்.எஸ்.சேத்தி என்ற ஆணைய ஊழியர். மிதிவண்டி, சீப்பு, மேசை, தையல் இயந்திரம், விசிறி — ஏழையின் வீட்டிலும் தெருவிலும் கிடக்கிற பண்டங்கள். பார்த்ததும் பெயர் சொல்ல முடிகிற பண்டங்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று என்று மயங்க முடியாத பண்டங்கள். 1992-ல் அவர் ஓய்வு பெற்றார். அவர் வரைந்தவை அதற்குப் பிறகும் வாக்குச்சீட்டில் வாழ்ந்தன. அவர் பெயரை அறிந்தோர் சிலர். அவர் கோட்டை அறிந்தோர் கோடானுகோடி!

நம் உதயசூரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957-ல் கழகம் முதன்முதலாகத் தேர்தல் களம் புகுந்தது. 1958-ல் மாநிலக் கட்சியாக ஏற்கப்பட்டு உதயசூரியனைத் தனக்கே உரிய சின்னமாகப் பெற்றது. இரண்டு மலை, நடுவே அரை வட்டம், சுற்றிலும் கதிர்க்கோடுகள் — அவ்வளவுதான். பள்ளிச் சிறுவன் கரிக்கட்டியால் சுவரில் வரைவான். பாட்டி கோலப்பொடியால் வாசலில் போடுவாள். வண்ணம் வேண்டாம், அச்சகம் வேண்டாம், காசு வேண்டாம். 1967-ல் கோட்டைக் கதவைத் திறந்த வெற்றிக்குக் கொள்கையும் உழைப்பும் தியாகமும் காரணம். அந்தக் கொள்கையைக் குடிசைச் சுவர்வரை சுமந்து சென்றதில் அந்த எளிய கோடுகளுக்கும் பங்கு உண்டு.

நமக்கு மட்டுமே உரிய உண்மை அல்ல இது. 1973-ல் திண்டுக்கல் இடைத்தேர்தலில் எதிர் முகாம் எடுத்த இரட்டை இலைக்கும் இது பொருந்தும். இரண்டு விரலைக் காட்டினாலே சின்னம் ஆகிவிடுகிறதே! மாற்றார் கையில் இருந்தாலும் நல்ல வடிவத்தை நல்ல வடிவம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றாட வாழ்விலும் இதற்குச் சான்றுகள் பல. ஆவின் பாலுறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டா வாங்குகிறார்கள்? "பச்சைப் பாக்கெட் ஒன்று, நீலப் பாக்கெட் இரண்டு" என்கிறார்கள். கொழுப்பின் அளவை நிறமே சொல்லிவிடுகிறது. 2021 மே மாதத்தில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் வந்தது. எந்தப் பேருந்து என்று தடுமாறாதிருக்க, 2022-ல் சென்னையில் அந்தப் பேருந்துகளுக்கு இளஞ்சிவப்பு வண்ணம் பூசினார்கள். தூரத்திலிருந்தே தெரிந்தது. தேநீர்க் கடைக்காரர் கல்லாவில் ஒரு சிறு பெட்டி, வந்த பணத்தைத் தமிழில் உரக்கச் சொல்கிறது. கை வேலையாய் இருப்பவர் திரையைப் பார்க்கத் தேவையில்லை, காது போதும். இவையெல்லாம் வடிவமைப்புதான். மனிதனின் கை எங்கே இருக்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துச் செய்த வடிவமைப்பு!

முகப்பில் முளைத்த இந்தி

இனி, மறுபக்கம் பாருங்கள்.

2024 நவம்பர் 19. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் வலைத்தளத்தைத் திறந்தவர்கள் திகைத்தனர். முகப்பு முழுவதும் இந்தி! சரி, மொழியை மாற்றிக்கொள்வோம் என்று தேடினால், மொழியை மாற்றும் இடத்தின் பெயரும் இந்தியிலேயே! பூட்டிய பெட்டிக்குள் சாவியை வைத்துவிட்டு, "திறந்துகொள்" என்று சொன்ன கதை. முதலமைச்சர் பொறுப்பிலிருந்த மு.க.ஸ்டாலின் கண்டித்தார், எதிர்க்கட்சித் தலைவர் எடப்பாடி பழனிசாமியும் கண்டித்தார். தமிழகமே ஒரு குரலில் கேட்ட பிறகு, தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது; ஆங்கிலப் பக்கமும் திரும்பி வந்தது.

கோளாறு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், கோளாறு ஏற்படும்போதெல்லாம் தராசு ஒரே பக்கம் சாய்வது ஏன்? கோளாறால் முகப்பு தமிழாக மாறியதுண்டா? கன்னடமாக, வங்காளமாக மாறியதுண்டா? 1956-ல் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நிறுவனம் அது, ஆர்.கே.பேட்டை நெசவாளி தன் கூலியில் மிச்சம்பிடித்துக் கட்டும் தவணையும் சேர்ந்துதான் அதன் செல்வம். அவன் பணம் உள்ளே போகத் தடையில்லை. அவன் மொழி உள்ளே போகத் தடையா? கோளாறு நீங்கித் திரும்பியதும் ஆங்கிலம்தானே, தமிழ் அன்றே!

தொடக்கத்தில் எது தெரிகிறதோ அதுவே பெரும்பாலோர்க்கு முடிவும் ஆகிவிடும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. மாற்றிக்கொள்ள வழி இருந்தும் மாற்றாமல் போகிறவர்களே மிகுதி. ஆகவே, தொடக்கத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்கிறவன் கையில் அதிகாரம் இருக்கிறது. அந்த அதிகாரத்தின் பழைய உருவம்தான் பெயர்ப்பலகை. 1953 ஜூலை 15 அன்று, ஆலை முதலாளியின் பெயரால் டால்மியாபுரம் என்று விளங்கிய இரயில் நிலையத்தில், கல்லக்குடி என்ற ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் தலை வைத்தார் கலைஞர். ஒரு பலகைக்காகவா அவ்வளவு பாடு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. பலகைக்காக அல்ல, ஊரின் முகப்பில் முதலாளியின் முத்திரையா, மக்கள் வைத்த பெயரா என்பதற்காக! கழக ஆட்சி வந்தபின் கல்லக்குடி என்ற பெயர் பலகையில் ஏறியது.

"தமிழில் செய்தால் அழகு கெடுகிறது, எழுத்து நீள்கிறது, பொத்தானில் அடங்குவதில்லை" என்று சில வடிவமைப்பாளர் குறைபடுகின்றனர். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டினால் இறுக்கத்தான் செய்யும். 'கீ' என்ற எழுத்தின் கொம்பு மேலே வெட்டுப்படும். 'மூ' என்ற எழுத்தின் வால் கீழே அறுபடும். குற்றம் எழுத்தினுடையதா, அளவெடுத்தவனுடையதா? முதலில் தமிழில் வரைந்து, பிறகு ஆங்கிலத்தை அதில் அமர்த்திப் பார்க்கட்டும், தாராளமாக அடங்கும்!

இன்னும் சிலர், கடைசி நாளில் இயந்திரத்திடம் கொடுத்து மொழிபெயர்த்து ஒட்டிவிடுகின்றனர். முகப்புக்குத் திரும்பும் 'ஹோம்' என்ற பொத்தான் 'வீடு' ஆகிவிடுகிறது. பார்க்கிறவன், "யார் வீடு?" என்று கேட்டுவிட்டு ஆங்கிலத்துக்கே ஓடுகிறான். பிறகு இவர்களே, "தமிழ்ப் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை" என்று கணக்கும் காட்டுகிறார்கள். உப்பில்லாமல் சமைத்துவிட்டு, உண்பாரில்லை என்று உரைப்பது போலல்லவா இருக்கிறது!

கருவி இல்லை என்றும் சொல்ல இயலாது. 1999 பிப்ரவரியில், கலைஞர் முதல்வராயிருந்தபோது, சென்னையில் தமிழிணைய மாநாடு கூடியது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய்யெழுத்து வலக்கைக்கு என்று அமைந்த தமிழ்99 விசைப்பலகை அதன் பயன். அரசும் அதை ஏற்றது. ஆக, கருவி இருக்கிறது, கற்றவர்கள் இருக்கிறார்கள், மனம்தான் வேண்டும்.

சரக்கு இவனது, முத்திரை எவனது?

வணிகச் சின்னம் பற்றியும் ஒரு சொல். வெறும் பெயர் எவ்வளவு விலை போகும் என்பதைத் தமிழக நெசவாளிக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையைச் சுற்றிய தறிகளில் பிறந்த கட்டம்போட்ட துணி, 1960களில் அமெரிக்காவில் 'பிளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரில் கொடிகட்டிப் பறந்தது. துவைக்கத் துவைக்கச் சாயம் கசியும் துணி அது. நம் சந்தையில் அதைக் குறை என்று தள்ளுவார்கள். அங்கே, "சாயம் கசியும், உறுதி!" என்று சொல்லியே விற்றார்கள்! விளம்பரத்தின் வித்தை அது. ஊர்ப் பெயர் உலகெங்கும் ஒலித்தது; நெய்தவன் பெயர் எங்கும் ஒலிக்கவில்லை.

இன்றும் அதே நிலைதான். பாவும் நூலும் முதலாளி தருவார். நெய்து கொடுத்தால் கூலி. பிறகு எந்த ஊரில் எந்தச் சின்னம் அந்தத் துணியில் ஏறுகிறது என்பது தறியோட்டியவனுக்குத் தெரியாது. கூலி உயர்வுக்காக இவ்வட்டார நெசவாளர்கள் தறியை நிறுத்திப் போராடியதுண்டு. மேலே ஒட்டுகிற சிறு துண்டுக் காகிதம் துணியின் விலையை ஏற்றுகிறது. ஏறிய விலையில் நெய்தவனுக்குப் பங்கில்லை.

1953-ல் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளி கஞ்சித் தொட்டியை நாடிய நாளில், அண்ணாவும் கழகத் தோழர்களும் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். அன்று விற்றது வெறும் துணியா? "இது நெசவாளி நெய்தது" என்ற செய்தியை அல்லவா சேர்த்து விற்றார்கள்! நெய்தவனின் முகத்தை வாங்குபவனுக்குக் காட்டிய சின்னம் அது. அப்படியொரு சின்னத்தை நம் வடிவமைப்பாளர்கள் ஆர்.கே.பேட்டைக்கும் பொதட்டூர்ப்பேட்டைக்கும் அம்மையார்குப்பத்துக்கும் வரைந்து தரக் கூடாதா?

கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: மக்கள் பணத்தில் இயங்கும் எந்த நிறுவனமும் தமிழகத்தில் திறக்கும் முகப்பு தமிழில் திறக்க வேண்டும், பிற மொழிகளின் பெயர் அந்தந்த மொழியின் எழுத்திலேயே பக்கத்தில் இருக்க வேண்டும். ஆர்.கே.பேட்டையில் தெலுங்கு பேசும் தோழனுக்கும் தன் மொழி தன் எழுத்தில் தெரிய வேண்டும். நாம் கேட்கும் உரிமையை அவனுக்கு மறுப்போமானால், அது உரிமையாகாது; ஆதிக்கம் ஆகிவிடும்.

இரண்டு: குளிரூட்டிய அறையில் அமர்ந்து ஒருவரையொருவர் மெச்சிக்கொள்வதற்குமுன், வரைந்ததை ஒரு தறிக்கூடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். சிறிய கைப்பேசியில், மங்கிய வெளிச்சத்தில், களைத்த கண்ணிடம் காட்டுங்கள். வாய் திறந்து விளக்காதீர்கள். அவர் தடுமாறினால் தவறு அவருடையதல்ல, உங்களுடையது.

மூன்று: துணியின் விளிம்பில், நெய்த ஊரின் பெயர் இடம்பெறட்டும்.

எழுத்தறியாத கோடிக்கணக்கானவர்களை ஒரு பென்சில் கோட்டால் ஆட்சிக்கு உரியவர்கள் ஆக்கிய நாடு இது. எழுத்தறிவு வளர்ந்த இந்நாளில், படித்தவனையும் தன் மொழியில் படிக்க முடியாமல் ஆக்குகிற திரைக்கு முன்னேற்றம் என்று பெயர் சூட்டுவதா? திரை எதுவாயினும் இருக்கட்டும். அதைத் திறக்கும் சாவி மக்கள் கையில் இருக்கட்டும்!