சிறுதேர் முதல் பந்தயக் கார் வரை: பொம்மை அருங்காட்சியகமும் மோட்டார் பந்தயப் பருவமும்

பொம்மை அருங்காட்சியகம் என்பது குழந்தைகள் விளையாடிய பொருள்களைத் திரட்டி, காலம், நாடு, செய்பொருள் ஆகியவற்றின்படி வகைப்படுத்திக் காட்டும் நிலையம் ஆகும். மோட்டார் பந்தயப் பருவம் என்பது ஓராண்டில் பந்தயச் சுற்றுகள் அடுத்தடுத்து நடைபெறும் மாதங்களைக் குறிக்கும். பார்முலா 1 உலகப் போட்டி பெரும்பாலும் மார்ச் மாதத்தில் தொடங்கி டிசம்பர் வரை பல நாடுகளில் நடைபெறுகிறது. அந்த மாதங்களில் தொலைக்காட்சியில் பந்தயம் பார்க்கும் குழந்தைகளிடம் வேகத்தின் மீது இயல்பாகவே ஆர்வம் பிறக்கிறது. அந்த ஆர்வத்தைப் பயன்படுத்திப் பழைய பந்தயப் பொம்மைகளின் கண்காட்சி, பொம்மைக் கார் ஓட்டம், கையால் வண்டி செய்யும் பயிற்சி போன்றவற்றை நடத்துவதே பந்தயப் பருவச் சிறப்பு நிகழ்ச்சி.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு வேண்டிய பொருள் தமிழ்நாட்டில் ஏராளமாக உள்ளது. ஈராயிரம் ஆண்டுப் பழைமையுள்ள உருட்டு பொம்மை மரபும், எழுபது ஆண்டுகளாகத் தொடரும் மோட்டார் பந்தய மரபும் இங்கே உண்டு. இவ்விரண்டையும் இணைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ் மரபில் உருட்டு பொம்மைகள்

சக்கரம் பூட்டிய விளையாட்டுப் பொருள் இந்தியாவுக்கு மிகப் பழையது. அரப்பா, மொகஞ்சதாரோ அகழாய்வுகளில் சுட்ட களிமண்ணால் ஆன சிறு வண்டிகள் கிடைத்துள்ளன.

சங்க இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் மூன்று உருளைகள் கொண்ட சிறிய தேரை உருட்டி விளையாடியதைக் கூறுகிறது. முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்ன வந்த கோழியின் மீது பெண்கள் எறிந்த பொற்குழை, அந்தத் தேரின் வழியை மறித்தது என்பது அப்பாடலின் காட்சி. அவரே பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் விரும்பும்படி செய்யப்பட்ட பொம்மைத் தேரைப் பிள்ளைகள் உருட்டித் திரிந்த செய்தி வருகிறது. இந்நூலின் தலைவன் காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். ஆகவே இன்றைய செங்கல்பட்டுப் பகுதி அடங்கிய தொண்டை நாட்டோடு நேரடியாகத் தொடர்புடைய குறிப்பு இது.

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் இவ்விளையாட்டு ஒரு பருவமாகவே அமைந்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் இறுதியானது சிறுதேர்ப் பருவம். இன்று குழந்தைகள் நடை பழகத் தள்ளும் மூன்று சக்கர நடைவண்டி, பட்டினப்பாலைச் சிறுதேரை நினைவூட்டுகிறது.

நுங்கு வண்டி

கடைக்குப் போகாமலே கிடைத்த பந்தய வண்டி நுங்கு வண்டி. சில ஊர்களில் இதனைப் பனங்காய் வண்டி என்பர். திருப்போரூர் வட்டாரமும் பனைக்குப் பெயர் பெற்றது. சிதம்பர சுவாமிகள் பனங்காட்டிடையே முருகன் திருவுருவைக் கண்டு கந்தசாமி கோயிலை எழுப்பினார் என்று திருப்போரூர்த் தல வரலாறு கூறுகிறது. பனையே தமிழ்நாட்டின் மாநில மரமும் ஆகும்.

நுங்கு வண்டி செய்யும் முறை எளிது. நுங்கு எடுத்தபின் எஞ்சும் ஒரே அளவுள்ள இரண்டு காய்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நேரான குச்சியின் இரு முனைகளிலும் அவற்றை நடுவாகக் குத்திப் பொருத்தினால் அச்சும் சக்கரமும் ஆயத்தம். இடுப்புயரத்துக்கு மேற்பட்ட கவைக்குச்சி ஒன்றின் கவையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். கவைக்குச்சியை இடப்பக்கம் அல்லது வலப்பக்கம் திருப்பினால் வண்டியும் திரும்பும். இரண்டு காய்களும் அளவில் வேறுபட்டால், வண்டி எப்போதும் சிறிய காயின் பக்கமே இழுக்கும். துளை நடுவில் இல்லாவிட்டால் வண்டி குதித்துக் குதித்து ஓடும். இவ்விரு பாடங்களையும் சிறுவர்கள் யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டனர்.

கோடை விடுமுறையும் நுங்குப் பருவமும் ஒன்றாக வருவதால், கிராமத்துச் சிறுவர்களின் பந்தயப் பருவம் அதுவே. பழைய சைக்கிள் டயரைக் குச்சியால் தட்டி ஓட்டும் பந்தயம் ஆண்டு முழுவதும் நடந்தது.

சென்னையின் மோட்டார் பந்தய வரலாறு

இந்திய மோட்டார் பந்தயத்தின் முதன்மையான நகரங்களுள் சென்னையும் ஒன்று. மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுதளம் பந்தயக் களமாக மாறியது. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடிய சோழவரம் பந்தயம், பல பத்தாண்டுகள் நாடெங்கிலுமிருந்து ஓட்டுநர்களையும் பார்வையாளர்களையும் ஈர்த்தது.

பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளமுள்ள நிரந்தரத் தடம் அமைக்கப்பட்டு 1990-இல் பயன்பாட்டுக்கு வந்தது. கோயம்புத்தூரில் உள்ள காரி மோட்டார் ஸ்பீட்வே தமிழ்நாட்டின் மற்றொரு தடம். பந்தயக் கார்களை வடிவமைத்தவரும் ஓட்டுநருமான எஸ். கரிவரதனின் நினைவாக அதற்கு அப்பெயர் இடப்பட்டது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில், சுமார் 3.5 கி.மீ. தடத்தில் இரவு நேரக் கார் பந்தயம் நடைபெற்றது.

பார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன். அவர் 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓடினார். அடுத்தவர் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக். அவர் 2010-இல் இப்போட்டியில் இறங்கினார். பார்முலா 1 பந்தயத்தில் ஓடியுள்ள இந்தியர் இவ்விருவர் மட்டுமே. இருவரும் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர்கள்.

பலூனிலிருந்து பந்தய டயர் வரை

பொம்மைத் தொழிலும் மோட்டார் பந்தயமும் சென்னையில் ஒரே நிறுவனத்தின் வரலாற்றில் சந்திக்கின்றன. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டு பலூன் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1952-இல் அந்நிறுவனம் தேய்ந்த டயர்களைப் புதுப்பிக்க உதவும் ரப்பரைத் தயாரிக்கத் தொடங்கியது. 1960-களில் டயர் உற்பத்தியில் இறங்கியது. அதுவே இன்றைய எம்.ஆர்.எஃப். நிறுவனம். பந்தயத்துக்கான டயர்களைத் தயாரிப்பதோடு, நாட்டில் மோட்டார் பந்தயங்களையும் அது நீண்ட காலமாக ஆதரித்து வருகிறது.

இந்தக் கதை மீண்டும் பொம்மைக்கே திரும்புகிறது. 1987-இல் தொடங்கப்பட்ட பன்ஸ்கூல் என்னும் பொம்மை நிறுவனம் எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனத்துக்கு ராணிப்பேட்டையிலும் கோவாவிலும் தொழிற்சாலைகள் உள்ளன. குழந்தையின் பலூனில் தொடங்கிய ரப்பர் அறிவு பந்தயத் தடத்துக்குச் சென்றதைக் காட்டும் ஒரு பலகையும் சில பொருள்களும் இருந்தால், எந்தப் பொம்மை அருங்காட்சியகத்திலும் அது ஒரு நல்ல பாடமாக அமையும்.

உலக நாடுகளில் பந்தயப் பொம்மைகள்

20-ஆம் நூற்றாண்டில் தகரத்தாலும் வார்ப்பு உலோகத்தாலும் ஆன பொம்மைக் கார்கள் உலகெங்கும் பரவின. இங்கிலாந்தின் மேட்ச்பாக்ஸ் கார்கள் 1953-இலும், அமெரிக்காவின் ஹாட் வீல்ஸ் கார்கள் 1968-இலும் விற்பனைக்கு வந்தன. மின்தடத்தில் ஓடும் ஸ்கேலக்ஸ்ட்ரிக் பந்தயக் கார்கள் 1957-இல் அறிமுகமாயின. அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் சிறந்த பொம்மைகளைத் தேர்ந்தெடுத்துத் தன் புகழ்க் கூடத்தில் சேர்க்கிறது. ஹாட் வீல்ஸ் 2011-இலும், மேட்ச்பாக்ஸ் 2019-இலும் அதில் இடம் பெற்றன.

பொம்மையும் பந்தயமும் ஒன்றுசேர்ந்த நிகழ்ச்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ். 1907-இல் திறக்கப்பட்ட இது, மோட்டார் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் தடம். 1939-க்குப் பின் அங்குப் பந்தயம் நடைபெறவில்லை. தடத்தின் சில பகுதிகள் அழிந்து, கட்டடங்களும் சாலைகளும் வந்துவிட்டன. எஞ்சிய பகுதியில் அருங்காட்சியகம் இயங்குகிறது. 2009-இல் ஜேம்ஸ் மே என்னும் தொலைக்காட்சித் தொகுப்பாளர், உள்ளூர் மக்களின் உதவியோடு, பழைய தடம் சென்ற வழியிலேயே ஸ்கேலக்ஸ்ட்ரிக் பொம்மைத் தடத்தை அமைத்துப் பந்தயம் நடத்தினார். அதன் நீளம் ஏறத்தாழ 4.7 கி.மீ. மறைந்துபோன ஒரு தடத்தை ஊர் மக்கள் மீண்டும் கண்டுகொள்ள அந்தப் பொம்மை உதவியது.

குழந்தைகளே வண்டி செய்து ஓட்டும் போட்டியும் உண்டு. 1953-இல் கலிபோர்னியாவில் சிறுவர் சாரணர்களுக்காகத் தொடங்கப்பட்ட பைன்வுட் டெர்பி அவ்வகையானது. ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சக்கரம் பூட்டிச் சரிவுப் பலகையில் விடுவார்கள். மோட்டாரும் இல்லை, தள்ளுவதும் இல்லை. புவியீர்ப்பு விசை ஒன்றினாலேயே வண்டி ஓடும்.

நிகழ்ச்சியில் கற்கும் அறிவியல்

பந்தயக் கார் பொறியாளர் சந்திக்கும் கேள்விகளையே பொம்மை வண்டி செய்யும் சிறுவனும் சந்திக்கிறான்.

1. அளவீடு: ஹாட் வீல்ஸ் போன்ற கார்கள் ஏறத்தாழ 64-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன. நாலரை மீட்டர் நீளமுள்ள காரை இவ்வளவில் செய்தால் அதன் நீளம் சுமார் 7 செ.மீ. ஆகும். விகிதம் என்னும் கணக்குப் பாடத்தைக் கையில் பிடித்துப் பார்க்கலாம்.

2. உராய்வு: அச்சும் சக்கரமும் உரசும் இடத்தில் ஆற்றல் வீணாகிறது. அங்கே சிறிது எண்ணெய் இட்டால் வண்டி கூடுதல் தொலைவு ஓடும். ஆனால் டயரும் தரையும் தொடும் இடத்தில் உராய்வு வேண்டும். அது இல்லையெனில் வண்டி வழுக்கும். ஒரே வண்டியில் ஓரிடத்தில் உராய்வைக் குறைக்கவும் மற்றோரிடத்தில் கூட்டவும் வேண்டியுள்ளது.

3. சக்கரத்தின் எடை: சரிவில் இறங்கும் வண்டியின் ஆற்றலில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுழற்றவே செலவாகிறது. சக்கரம் கனத்தால் அப்பங்கு கூடும். பந்தயக் கார்களுக்கு எடை குறைந்த உலோகக் கலவைச் சக்கரங்களைப் பூட்டுவதற்கு இது ஒரு காரணம்.

4. வளைவு: ஒரே வளைவில் வேகத்தை இரு மடங்காக்கினால், காரைத் தடத்தில் பிடித்து வைக்க நான்கு மடங்கு விசை தேவை. மின்தடத்தில் பொம்மைக் காரை முழு வேகத்தில் வளைவுக்குள் செலுத்தினால் அது தூக்கி எறியப்படும். சிறுவர்கள் இந்த விதியை ஐந்து நிமிடத்தில் உணர்ந்துவிடுவார்கள்.

5. ஈர்ப்பு மையம்: உயரமான வண்டி எளிதில் கவிழும்; தாழ்வாகவும் அகலமாகவும் உள்ள வண்டி நிலையாக ஓடும். பந்தயக் கார் தரையோடு தரையாக இருப்பது இதனால்தான்.

டயரின் முக்கியத்துவத்துக்கு 2005-ஆம் ஆண்டு அமெரிக்கப் பந்தயம் சான்று. ஒரு நிறுவனத்தின் டயர்கள் அந்தத் தடத்தின் வேகமான வளைவைத் தாங்குமா என்னும் ஐயம் எழுந்ததால், அவற்றைப் பயன்படுத்திய அணிகள் அனைத்தும் விலகின. 6 கார்கள் மட்டுமே ஓடின. அப்பந்தயத்தில் நரேன் கார்த்திகேயன் 4-ஆம் இடம் பெற்றார். பந்தயத்தை விட்டுக்கொடுத்தாலும் ஓட்டுநரின் உயிரைக் காக்க வேண்டும் என்பது அதிலுள்ள பெரிய பாடம்.

பந்தயம் சாலைக்கு உரியதன்று

திருப்போரூர் வட்டாரம் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையே அமைந்துள்ளது. நீண்டு கிடக்கும் இச்சாலைகளில் இளைஞர்கள் சிலர் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்குவது தொடர்ந்து கவலை அளிக்கும் செயல். அனுமதியின்றிப் பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம். பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வராது. வழியில் பாதசாரியும் மாடும் இல்லை. ஓட்டுநருக்குத் தலைக்கவசமும் தீக்காப்பு உடையும் உண்டு. மருத்துவ வண்டி ஆயத்தமாக நிற்கும். இவற்றில் எதுவும் சாலையில் இல்லை. இந்த வேறுபாட்டைப் பத்து வயதிலேயே பொம்மைத் தடத்தின் அருகே வைத்துச் சொல்வது, பதினெட்டு வயதில் அபராதம் விதிப்பதை விடப் பயன் தரும்.

நம் பகுதியில் செய்யத்தக்கவை

இந்தியாவில் பொம்மைகளுக்கெனப் புகழ்பெற்றது, கேலிச்சித்திரக் கலைஞர் சங்கர் புதுதில்லியில் உருவாக்கிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம். இது 1965-இல் திறக்கப்பட்டது. பல நாடுகளின் உடையணிந்த பொம்மைகளே இதன் சிறப்பு. திருப்போரூருக்கு வடகிழக்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா, பொம்மை அருங்காட்சியகம் அன்று. ஆயினும் 1996-இல் திறக்கப்பட்ட இந்நிலையம் தென்னிந்திய மரபு வீடுகளைக் காட்டுவதோடு, வருவோர் கைவினைகளைத் தாமே செய்து பார்க்கவும் வாய்ப்பளிக்கிறது. பொம்மை நிகழ்ச்சிகளுக்கும் இம்முறையே ஏற்றது.

காரணம் எளிது. தகரக் காரைக் கண்ணாடிப் பேழையில் நூறாண்டு வைக்கலாம். நுங்கு வண்டியை அவ்வாறு வைக்க முடியாது. சில நாள்களில் காய் வாடிச் சுருங்கிவிடும். அதைக் காப்பாற்ற ஒரே வழி, ஒவ்வொரு கோடையிலும் அதைப் புதிதாகச் செய்வது. செய்யத் தெரிந்த தாத்தா பாட்டிகள் இன்னும் ஊர்தோறும் இருக்கிறார்கள்.

பெரிய அருங்காட்சியகம் இல்லாத ஊரிலும் ஒரு பள்ளி இதனை நடத்தலாம். வகுப்பறை மேசைகளில் பழைய பொம்மை வண்டிகளைப் பெயர், செய்பொருள், ஊர் எழுதிய சீட்டுடன் அடுக்கலாம். ஒரு சரிவுப் பலகையும் அளவு நாடாவும் நிறுத்துக் கடிகாரமும் இருந்தால் ஆய்வு தொடங்கிவிடும். விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புக் கோடிட்டு நுங்கு வண்டிப் பந்தயம் வைக்கலாம். முதலில் வந்தவருக்கு ஒரு பரிசு, நன்றாக வண்டி செய்தவருக்கு ஒரு பரிசு, செய்யக் கற்றுக்கொடுத்த பெரியவருக்கு ஒரு பரிசு என மூன்று பரிசுகள் போதும்.