ஓட்டம் ஓகே, புஷ்-அப் ஓகே... நீச்சல்?

ஃபைனல் இயர் வந்ததும் காலையில அஞ்சரைக்கே கிரவுண்டைச் சுத்தி ஓட ஆரம்பிக்கிற ஒரு கூட்டம் எல்லா இன்ஜினியரிங் காலேஜ்லயும் இருக்கும். ஆர்மியின் எஸ்.எஸ்.சி. டெக் என்ட்ரிக்கு அப்ளை பண்ணினவங்க. இதுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. மார்க்கை வைத்து ஷார்ட்லிஸ்ட், அப்புறம் நேரா எஸ்.எஸ்.பி. இன்டர்வியூ. நீங்களும் அந்தக் கூட்டத்துல ஒருத்தர்னா ஒரு கேள்வி: நோட்டிபிகேஷனைக் கடைசி வரை படிச்சீங்களா?

2.4 கி.மீ. ஓட்டம் 10 நிமிடம் 30 விநாடி, 40 புஷ்-அப், 6 புல்-அப், 30 சிட்-அப். இதெல்லாம் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். அதே பட்டியலின் வாலில், நீச்சலின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி வரும். நானும் அதை ரெண்டு தடவை தாண்டிப் போயிருக்கேன். எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாளில் யாரும் உங்களைத் தண்ணியில இறக்கப் போறதில்லை. அதனால "செலக்ட் ஆனதும் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடுறோம். ஆனா பயிற்சி அகாடமியில் சேர்ந்த பிறகு நீச்சலும் பயிற்சியின் ஒரு பகுதி. ஏற்கெனவே தூக்கம் போதாத உடம்போட அங்கே முதல் முறையா தண்ணிக்குப் பயப்படுறது ரொம்பக் கஷ்டம்.

எங்க ஊரில் நீச்சல் பழக்கம் என்றால் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிடுவாங்க. என் மாமா என்னையும் இறக்கினார். குடுக்கை மிதந்தது, நான் கத்தினேன். மூக்கில் ஏறின தண்ணியின் எரிச்சல்தான் அன்னிக்குக் கத்துக்கிட்டது. அதுக்கப்புறம் பத்து வருஷம் இடுப்பளவுக்கு மேல் தண்ணியில நின்னதில்லை.

தர்ட் இயர் லீவில் ஒரு கோச்சிடம் போனபோதுதான் என் தப்பு புரிந்தது. கையையும் காலையும் பலமாக்கினால் நீந்திடலாம்னு நினைச்சிருந்தேன். ஆனா முதல் வாரம் முழுக்க அவர் நீந்தவே விடலை. குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணிக்குள் வைத்து, மூக்கு வழியா மெதுவா மூச்சை விடணும். தலையைத் திருப்பி வாயால் இழுக்கணும். மறுபடி உள்ளே. ஒரு நாளைக்கு அம்பது தடவை. செம போர். ஆனா விஷயமே அங்கேதான் இருக்கு. நம்ம ஆளுங்க பலரும் தண்ணிக்குள் மூச்சை அடக்கிவைத்து, தலையைத் தூக்கின அந்த அரை விநாடியில் வெளியே விடவும் உள்ளே இழுக்கவும் பார்ப்பாங்க. ரெண்டுக்கும் நேரம் போதாது. கார்பன் டை ஆக்சைடு சேரும், மூச்சு முட்டும், பதற்றம் வரும். பத்து மீட்டரில் நின்னுபோறது ஸ்டாமினா குறைவால்னு நினைப்போம். அதே ஆள் கிரவுண்டில் 2.4 கி.மீ. அசராம ஓடுவான்.

அடுத்தது ஃப்ரீ பாடி டயக்ராம் கணக்கு. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோரின் உடம்பு தண்ணியைவிடக் கொஞ்சம் லேசு, மிதக்கும். மிதப்பு விசை செயல்படும் புள்ளி நெஞ்சுப் பக்கம், எடையின் மையம் தொப்புளுக்குக் கிட்ட. அதனால் கால் தானாகவே கீழே இறங்கும். பயத்தில் தலையைத் தூக்கினா, ஏறக்குறைய 5 கிலோ எடை தண்ணிக்கு வெளியே போயிடுது. இடுப்பும் காலும் இன்னும் தாழும். தலையைத் தாழ்த்தி, குளத்தின் தரையைப் பாருங்க. கால் மேலே வரும். நம்பவே முடியாது, ஆனா வரும்.

இந்த ரெண்டும் வந்தபிறகு சுவரை உதைத்துச் சறுக்குவது, இடுப்பிலிருந்து கால் அடிப்பது, கை வீச்சு எல்லாம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். 25 மீட்டர் நிக்காம போனதும் ஆழமான பக்கம் போங்க. கால் கீழே வர்ற மாதிரிக் குதித்து, மேலே வந்து, மல்லாந்து மிதக்கப் பழகுங்க. கோச்சோ லைஃப்கார்டோ பக்கத்தில் இருக்கணும். ஒரு எச்சரிக்கை: வேகவேகமா மூச்சை இழுத்துவிட்டு, தண்ணிக்கடியில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறோம்னு போட்டி போடாதீங்க. "மூச்சு விடு"ன்னு உடம்பு அலாரம் அடிப்பது முக்கியமா கார்பன் டை ஆக்சைடை வைத்துத்தான். அதைக் குறைத்துவிட்டால் அலாரம் அடிக்கும் முன்பே மயக்கம் வரும். கல்குவாரியிலும் ஆற்றிலும் பழகப் போறதும் வேண்டாம். சென்னையில் இருப்பவங்களுக்கு மெரினா நீச்சல் குளம், வேளச்சேரி நீச்சல் வளாகம் இருக்கு. மத்த ஊர்க்காரங்க மாவட்ட விளையாட்டு அரங்கில் விசாரிங்க.

எஸ்.எஸ்.பி.யிலும் ஒரு இடத்தில் தண்ணி வரும். பி.ஐ.க்யூ. படிவத்தில் கெத்துக்காக நீச்சலை ஹாபின்னு எழுதாதீங்க. என்ன ஸ்ட்ரோக், எங்கே கத்துக்கிட்டேன்னு இன்டர்வியூவில் கேட்டால் மாட்டிப்பீங்க. எஸ்.ஆர்.டி.யில் 30 நிமிடத்தில் 60 சூழ்நிலைகள். அதில் யாராவது ஆற்றில் மூழ்கிக்கிட்டு இருந்தா, "குதித்துக் காப்பாற்றினேன்" என்று எழுதக் கை பரபரக்கும். நீந்தத் தெரியாதவன் குதித்தால் ரெண்டு உடல். கத்தி ஆள் கூப்பிடுவது, கயிறோ கம்போ நீட்டுவது, மூடின காலி கேனை வீசுவது. நிஜத்தில் எதைச் செய்வீங்களோ அதை எழுதுங்க.

எனக்கு இன்னும் உயரத்திலிருந்து குதிக்கும்போது வயிறு பிசையுது. 50 மீட்டர் மட்டும் வந்திடுச்சு, மூச்சு வாங்காம.